நோன்பு வயிறு

வேலிக் கடப்பால் பக்கத்து வீட்டு அப்ரா வந்து சரிந்தபோது நஸீறா வேலைக்கு உடுத்துப்போகும் சீலையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். நோன்பு பதினேழு. தொண்ணூற்றாறாம் ஆண்டு பெப்ரவரி மாதம், பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாளோ சீலைமேலேயே விட்டாளோ அவளுக்கே நினைவில்லை. ஓடிப்போய் நிறைமாதக்காரியின் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

"ராத்தா, கண்ணெல்லாம் இருட்டுது. கை நடுங்குது, பாருங்க."

"எழும்பாத புள்ள. இதிலேயே இரு. இந்த வயித்தோட உன்ன நோன்பு பிடிக்கச் சொன்னது ஆரு? அல்லாஹ்வே உனக்கு விட்டுத் தந்திரிக்கான். புள்ள கிடைச்சி, தெம்பு வந்தாப்போல விட்டதக் களாப் பிடிக்கலாந்தானே."

"மாமி நேர்ந்திட்டா."

விஷயம் இதுதான், என் பிள்ளைகளே. அப்ராவுக்கு இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று ஐந்தாம் மாதம், மற்றது ஏழாம் மாதம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், மாமியார் தன் ஊரில் தன் வீட்டில் இருப்பார். ஆனால் அப்ராவின் உம்மா மௌத்தாகி இரண்டு வருடம். பிள்ளைப்பேறு பார்க்க ஆளில்லை என்று புருஷனின் உம்மா சுபைறா நிந்தவூரிலிருந்து உடுப்புப் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார். நல்ல மனுஷி. தன் கையாலேயே மருமகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை இழுத்துவிடுவார். அந்த அன்பில்தான் ஒரு நேர்ச்சையும் செய்துவிட்டார்: இந்தப் பிள்ளை தங்கினால் இந்த றமழானின் முப்பது நோன்பையும் நானும் மருமகளும் ஒன்றுகூட விடாமல் பிடிப்போம் என்று. ஒருவருக்காக இன்னொருவர் இப்படி நேரலாமா என்று எந்தப் பள்ளி லெப்பையிடமும் கேட்கவில்லை. அப்ராவும் தலையாட்டிவிட்டாள். பிள்ளை தங்கவேண்டுமே என்ற பயம் அவளுக்கு.

பதினாறு நோன்பு போயிற்று. பதினேழாவதில் உடம்பு கைவிட்டது.

நஸீறா குசினிக்குள் போனாள். விடியுமுன் சஹருக்கு ஆக்கிய சோறு சட்டியில் மிஞ்சிக் கிடந்தது. அதன்மேல் பாரைமீன் ஆணத்தை ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். முதல் பிடியை வாயில் வைக்கும்போது அப்ரா அழுதாள். மூன்றாம் பிடியில் அழுகை நின்றுவிட்டது. கோப்பை காலியானதும் அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையைக் கண்டு நஸீறா இன்னும் ஒரு கோப்பை சோறு போட்டு, தயிரும் சீனியும் விட்டுக் குழைத்துக் கொடுத்தாள். நோன்போடு நிற்கிற மனுஷி, மற்றவள் தின்னுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் நாக்கில் ஊறிய எச்சிலை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

கை கழுவியதும் அப்ரா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தியம் பண்ணுங்க ராத்தா. மாமிக்கு மட்டுமில்ல. ஒருத்தருக்கும் சொல்லப்பிடாது."

"சொல்லமாட்டன் புள்ள."

"அப்பிடிக் காணாது. வல்லாஹி எண்டு சொல்லுங்க."

ஒரு முஸ்லிமின் குறையை மறைத்தால் அல்லாஹ் நம் குறையை மறைப்பான் என்று பள்ளியில் பயான் கேட்டு வளர்ந்தவள் நஸீறா. "வல்லாஹி, சொல்லமாட்டன்," என்றாள். அப்ரா வாயைத் துடைத்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கடப்பால் திரும்பிப் போனாள்.

நஸீறாவுக்கு ஒரு மணிக்கு வேலை. அவள் ஆஸ்பத்திரியின் ஒப்பரேஷன் தியேட்டரில் எடுபிடி வேலை செய்கிறவள். எந்த ஆஸ்பத்திரி என்பதை விடுங்கள், அந்தப் பெயர் இந்தக் கதைக்கு வேண்டாம். கல்முனைச் சந்தைக்குப் போகும் றோட்டில் இறங்கி வெயிலில் நடக்கும்போதே அவளுக்கு நெஞ்சில் என்னவோ அரித்தது. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள்தானே, இன்றைக்கா வலி வரப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஐந்து நிமிடம் கழித்து அதையே இன்னொரு தரம் சொல்லிக்கொண்டாள்.

அவளுக்கு அந்த அரிப்பு ஏன் வந்தது என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டும். நம் தொண்டையில் இரண்டு குழாய் இருக்கிறது. முன்னால் மூச்சுப் போகிறது. அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சாப்பாடு இறங்குகிறது. விழித்திருக்கும்போது ஒரு பருக்கை வழிமாறிப் போனாலும் புரைக்கேறி இருமித் தள்ளிவிடுவோம். மயக்க ஊசி போட்டபிறகு அந்தக் காவல் இல்லை. வயிற்றில் கிடப்பது மேலே வந்து நெஞ்சுக்குள் இறங்கினால் இருமக்கூட ஆளில்லை. பிள்ளை முட்டிக்கொண்டு கிடக்கும் வயிற்றில் இது இன்னும் லேசாக நடந்துவிடும். அதனால் ஊசி போட்ட உடனே மூச்சுக் குழாய்க்குள் ஒரு றப்பர்க் குழாயை இறக்கி, அதன் நுனியில் இருக்கும் சின்னப் பலூனை ஊதி, வழியை அடைத்துவிடுவார்கள். அதன்பிறகு பயமில்லை.

ஊசிக்கும் பலூனுக்கும் இடையில் ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ இருக்கிறது. அந்த நேரம் நஸீறாவுடையது.

மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் கேதீஸ்வரன், பாண்டிருப்புக்காரர், அதை அவளுக்குக் காட்டிக் கொடுத்து இரண்டு வருடம். தொண்டை முடிச்சுக்குக் கொஞ்சம் கீழே மோதிரம்போல ஒரு குருத்தெலும்பு தட்டுப்படும். அதைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துப் பின்பக்கம் அழுத்தினால், பின்னாலிருக்கும் சாப்பாட்டுக் குழாய் நசுங்கி மூடிக்கொள்ளும். "நான் விடச் சொன்னாத்தான் விடணும் நஸீறா. கூரை விழுந்தாலும் விடப்பிடாது," என்று சொல்லியிருந்தார். தான் படிக்கும் காலத்தில் ஒரு வாய்த் தேத்தண்ணீரால் போன ஒரு தாயைப் பற்றியும் சொல்லியிருந்தார். நஸீறாவின் விரல்கள் நூறு பெண்களுக்குமேல் பிடித்திருக்கின்றன. ஒருத்திக்கும் ஒன்றும் நடந்ததில்லை.

அந்த நூறுதான் பின்னால் அவளைத் தப்பாக நினைக்க வைத்தது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முந்தி வார்டிலிருந்து ஆள் ஓடிவந்தது. பன்னீர்க்குடம் உடைந்து, பிள்ளைக்கு முன்னால் தொப்புள்கொடி கீழே இறங்கிவிட்டது. தலை கொடியை நசித்தால் பிள்ளைக்குப் போகும் இரத்தம் நின்றுவிடும். நஸீறா ட்றொலியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கட்டிலில் குப்புற, முழங்காலில் நின்று, இடுப்பைத் தூக்கிக்கொண்டு கிடந்தவளின் முகம் தலையணையில் புதைந்திருந்தது. பின்னால் மருத்துவிச்சி கையை உள்ளே விட்டுப் பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையணையிலிருந்து அந்த முகம் நஸீறாவின் பக்கம் திரும்பியது.

அப்ரா.

ட்றொலி நடைபாதையில் ஓடியது. ஒரு பக்கம் மருத்துவிச்சி கையை எடுக்காமலே கூட ஓடினாள். மறுபக்கம் சுபைறா மாமி, செருப்பில்லாமல், தஸ்பீஹ் மணியும் கையுமாக. தியேட்டர் வாசலில் கேதீஸ்வரன் டொக்டர் தொப்பியைக் கட்டிக்கொண்டே எதிரில் வந்தார். குனிந்து, எப்போதும் கேட்கிறதை வேகமாகக் கேட்டார்.

"பேர் என்ன தங்கச்சி? ஆஸ்த்மா, பொய்ப்பல்லு ஏதும் இரிக்கா? கடைசியாச் சாப்பிட்டது எப்ப?"

அப்ரா வாயைத் திறந்தாள். அதற்குள் மாமி சொல்லிவிட்டார்.

"நோன்பு டொக்டர். விடிய நாலரைக்குச் சஹர் செஞ்சது. அதுக்குப் புறகு பச்சத் தண்ணி பல்லுல படல்ல. நேர்ச்சை நோன்பு."

"அப்பிடியா தங்கச்சி?"

அப்ரா டொக்டரைப் பார்க்கவில்லை. ட்றொலியின் தலைமாட்டில் நின்ற நஸீறாவைப் பார்த்தாள். தலை லேசாக அசைந்தது. ஓம் என்றா, சொல்லாதீங்க என்றா? டொக்டர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

தியேட்டர் நேர்ஸ் யசோதினி மிஸ் சின்னக் கோப்பையில் புளிப்பு மருந்தை நீட்டினாள். வயிற்றில் ஊறும் எரிநீரை அடக்குகிற மருந்து, பிள்ளை வெட்டி எடுக்கப்போகும் எல்லாருக்கும் கொடுப்பது. மாமி குறுக்கே கையை நீட்டினார்.

"குடிக்கக் குடுக்காதீங்க மகள். ஊசி எண்டாப் போடுங்க. புள்ள பிறக்கிற வரைக்கும் நோன்பு நோன்புதானே. மூணு மணித்தியாலத்துக்காக முறிக்கிறதா?"

"உம்மா, இது மருந்து," என்றாள் யசோதினி.

உள்ளேயிருந்து மகப்பேற்று டொக்டரின் குரல் வந்தது. "கேதீஸ், புள்ளைட துடிப்பு தொண்ணூறு. கதைச்சிக்கொண்டு நிக்க நேரமில்ல."

கேதீஸ்வரன் டொக்டர் கோப்பையையும் கிழவியின் முகத்தையும் பார்த்தார். ஒரு நொடி. "வெறும் வயிறுதானே, ஊசி போதும்," என்றார். கோப்பை ஜன்னல் படியில் வைக்கப்பட்டது. ட்றொலி உள்ளே போயிற்று, கதவு ஆடி மூடிக்கொண்டது.

இப்போது சொல்லியிருக்கலாம், என் பிள்ளைகளே. கதவுக்கு உள்ளே மாமி இல்லை. நஸீறாவும் சொல்லத்தான் குனிந்தாள். மேசைக்கு மாற்றும்போது அப்ராவின் காதுக்குள், "புள்ள, டொக்டருக்கு மட்டும் சொல்லுவம்," என்றாள்.

"வேணாம். நேர்ச்சையை முறிச்சதாலதான் இது வந்தது. நீங்களும் சத்தியத்த முறிச்சா என்ட புள்ள கிடைக்காது. வல்லாஹி எண்டு சொன்னீங்க."

அவளுடைய விரல்கள் நஸீறாவின் கையை நசித்தன. நஸீறாவுக்குள் ஒரு எண்ணம் ஓடியது: இந்த விரல் இருக்குதானே. நூறு பேருக்குப் பிடித்த விரல். இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் சரி. பலூன் ஊதும் வரைக்கும் ஒன்றரை நிமிடம். சத்தியமும் நிற்கும், புள்ளையும் பிழைக்கும், ஒருவருக்கும் தெரியவேண்டியதில்லை.

முகமூடியை வைத்து நல்ல காற்றை இழுக்கச் சொன்னார்கள். அப்ரா இழுத்தாள். யசோதினி வயிற்றில் மருந்து பூசிக் கொண்டிருந்தாள். மகப்பேற்று டொக்டர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தாய்க்குக் குழாய் இறங்கியது என்று சொன்ன மறுநொடி வெட்டவேண்டும். மேசைக் காலடியில், துணிக்குள்ளே மருத்துவிச்சியின் கை இன்னும் பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டு கிடந்தது. கை விறைத்துப்போயிற்று என்று அவள் முனகினாள்.

"அழுத்துங்க," என்றார் கேதீஸ்வரன்.

நஸீறா மோதிரத்தைத் தேடிப் பிடித்தாள். ஊசி போயிற்று. இன்னொரு ஊசி போயிற்று. அப்ராவின் இமையும் கன்னமும் தோளும் புழு நெளிவதுபோல் துடித்து அடங்கின. உடம்பு தளர்ந்தது. டொக்டர் வாயைத் திறந்து, வெளிச்சம் உள்ள அலகை உள்ளே விட்டு நாக்கை ஒதுக்கிப் பார்த்தார்.

கர்ப்பிணிகளின் தொண்டை வீங்கியிருக்கும். சிலருக்கு அதிகம். அப்ராவுக்குக் கழுத்தும் குட்டை.

"தெரியல்ல," என்றார். "கொஞ்சம் மேல தள்ளுங்க. வலப்பக்கமா. இல்ல, இங்கால."

நஸீறா தள்ளினாள்.

"நாக்கடிதான் தெரியுது. குழல் வாய் தெரியல்ல."

அப்ராவின் விரலில் மாட்டியிருந்த கருவி டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. தாயின் உடம்பில் காற்று குறையக் குறைய அதன் சத்தம் தடித்துக் கீழே இறங்கும். இறங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு உயிருக்கு மூச்சு விடுகிறவள் அல்லவா, அவளுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் காற்றுத் தீர்ந்துபோகும்.

"கேதீஸ், துடிப்பு எழுபது. வெட்டவா?"

"வெட்டாதீங்க. இன்னும் வழி கிடைக்கல்ல."

நஸீறாவின் தொப்பிக்குள்ளிருந்து வேர்வை இறங்கிக் கண்ணில் விழுந்தது. துடைக்கக் கை இல்லை. டொக்டர் அலகை உயர்த்தி இன்னொரு தரம் குனிந்தார். பிறகு நிமிராமலே சொன்னார்:

"நஸீறா, கைய எடுங்க. உங்கட விரல்தான் குழல வளைக்குது. நோன்பு வயிறுதானே, ஒண்டும் வராது. எடுங்க."

நஸீறா எடுக்கவில்லை.

"எடுங்க எண்டன்."

"ஏலா சேர்."

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருடத்தில் அந்தப் பெண் அவருக்கு ஏலாது என்று சொன்னதில்லை.

"சாப்பிட்டவ சேர். பன்னிரண்டு மணிக்கு. ரெண்டு கோப்பை சோறு, மீனாணம், தயிர். நான்தான் குடுத்த. விட்டா மேல வந்திரும்."

யசோதினியின் கை வயிற்றுத் துணியின்மேல் அப்படியே நின்றது. நஸீறாவுக்குத் தன் நாக்கிலிருந்து என்ன வெளியே போயிற்று என்று தெரிந்தது. வல்லாஹி என்று சொன்ன வாய் அது.

கேதீஸ்வரன் டொக்டர் ஏசவில்லை. ஏசுவதற்கும் காற்று வேண்டும், அதை அவர் மிச்சம் பிடித்தார். அலகை வெளியே எடுத்தார். "உறிஞ்சி குழாய என்ட வலக்கைக்குத் தாங்க யசோ. மேசைத் தலைமாட்டப் பணிய விடுங்க. நஸீறா, விடாதீங்க. இப்ப கடவுளே வந்து சொன்னாலும் விடாதீங்க."

முகமூடியை வைத்து மெதுவாக, மிக மெதுவாகக் காற்றை உள்ளே அனுப்பினார். பலமாக ஊதினால் வயிறு உப்பி எல்லாம் மேலே வந்துவிடும். நாலு மூச்சு. ஐந்து. கருவியின் சத்தம் கொஞ்சம் மெலிந்து மேலே ஏறியது. "துடிப்பு அறுபத்தஞ்சி," என்றார் மகப்பேற்று டொக்டர், இந்தமுறை தாழ்ந்த குரலில். யசோதினி ஒரு சீலைத் துணியை மடித்துத் தோளுக்குக் கீழே செருகினாள். தலை வேறொரு விதமாக நிமிர்ந்தது. வளையக்கூடிய மெல்லிய கோல் ஒன்றை எடுத்து, அதன்மேல் சின்ன அளவுக் குழாயை மாட்டிக்கொண்டு டொக்டர் மறுபடி குனிந்தார்.

"கொஞ்சமா, ஒரு நூல் அளவுக்கு இலகுவாக்குங்க. முழுக்க இல்ல. காணும். அப்பிடியே."

ஒரு நூல் அளவு. எப்படி அளப்பது அதை? நஸீறா மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலுக்குள்ளேயே ஒரு நூலை நினைத்துக்கொண்டாள். விரலின் அடியில், மோதிரத்துக்குப் பின்னாலே, ஏதோ இளகி அசைவதுபோல இருந்தது. அது சோறா, தன் பயமா என்று அவளுக்குத் தெரியாது. இன்றுவரைக்கும் தெரியாது. அழுத்தினாள்.

கோல் போயிற்று. கோலின்மேல் குழாய் வழுக்கிக்கொண்டு போயிற்று. பலூன் ஊதப்பட்டது. டொக்டர் காதில் கருவியை மாட்டி நெஞ்சின் இரண்டு பக்கமும் கேட்டார், வயிற்றின்மேலும் வைத்துக் கேட்டார். "உள்ளதான் இரிக்கி. வெட்டுங்க."

கத்தி இறங்கி இரண்டு நிமிடத்துக்குள் பிள்ளை வெளியே வந்தது. பெண் பிள்ளை. நீலமாக, தளர்ந்து. காலில் தட்டினார்கள், மூக்கை உறிஞ்சினார்கள், முதுகைத் தேய்த்தார்கள். முதல் சத்தம் பூனைக்குட்டி போல வந்தது. இரண்டாவது மனிதர் போல.

"நஸீறா, இனி விடுங்க. பலூன் ஊதினவுடனேயே விடச் சொல்லிட்டன்."

அவள் விரல்கள் திறக்கவில்லை. மறுகையால் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

டொக்டர் பிறகு இன்னொரு குழாயை வாய்வழியாக வயிற்றுக்குள் விட்டு உறிஞ்சினார். கண்ணாடிப் போத்தலுக்குள் தயிர் நிறத்தில், பருக்கை பருக்கையாக, சோறு வந்து விழுந்தது. கால் போத்தல். அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பார்க்கச் சொல்லி நஸீறாவுக்கும் காட்டினார். அப்ரா நன்றாக விழித்து, சொன்னதைக் கேட்டுத் தலையை உயர்த்துகிற வரைக்கும் குழாயை எடுக்கவில்லை. இடப்பக்கம் சரித்துக் கிடத்தித்தான் எடுத்தார்.

கை கழுவும் இடத்தில் கேட்டார்.

"வாசல்ல ஏன் சொல்லல்ல?"

"சத்தியம் பண்ணியிருந்த சேர்."

"அது எனக்கு வெளங்குது. சத்தியம் மட்டுந்தானா?"

நஸீறா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மூடினாள். "பிடிச்சிக்கொள்ளலாம் எண்டு நினைச்ச."

"நானும் நினைச்சன், வெறும் வயிறு எண்டு." அவர் துவாயால் முழங்கைவரை துடைத்தார், துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். "ரெண்டு பேரும் நல்லா நினைச்சிரிக்கம்."

பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோவது நஸீறாவின் வேலை. சுபைறா மாமி வாசலில் நின்றிருந்தார். பிள்ளையை வாங்கி முகர்ந்து, காதில் கலிமாவைச் சொல்லி, கண்ணீரோடு சிரித்தார். "பாத்தியா மகள், நேர்ச்சை வீண் போகல்ல. பதினேழு நோன்பு. இவ உம்மாட வயித்துக்குள்ள இருந்து பிடிச்ச நோன்பு."

நஸீறா, "கழுத்தத் தாங்கிப் பிடிங்க மாமி," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆறு மணிக்குப் பிறகு வார்டில் அப்ரா கண்ணை மூடிக் கிடந்தாள். தொண்டை புண்ணாகிக் குரல் கரகரத்தது. நஸீறா வேலை முடிவதற்கு முன் எட்டிப் பார்க்க வந்தவள், கட்டில் காலடியில் நின்றபடி, உட்காரவும் முடியாமல் போகவும் முடியாமல் இருந்தாள். அப்ரா அவளைக் கண்ணால் கேட்டாள். நஸீறா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அதிலேயே அப்ராவுக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும்.

கடற்கரைப் பள்ளியில் நோன்பு துறக்கும் மஃரிப் பாங்கு தொடங்கியது. மாமி தலைமாட்டில் கதிரையை இழுத்துப் போட்டு, ஈச்சம்பழத்தைத் தாளிலிருந்து எடுத்தார். யாரோ ஹஜ்ஜுக்குப் போய்க் கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீர் சின்னப் போத்தலில் இருந்தது. அதில் விரலை நனைத்து மருமகளின் உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"குடிக்கத்தான் ஏலா எண்டாங்க. உதட்டுல ஒரு துளி படட்டும். ரெண்டு பேரும் ஒண்டாத் துறப்பம்."

அப்ரா உதட்டை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"என்னகா?"

"மாமி, நான் இண்டைக்கு நோன்பில்ல."

பாங்கு ஓதிக்கொண்டே இருந்தது. நனைந்த விரல் காற்றில் நின்றது.

"லுஹருக்கு முந்தி சாப்பிட்ட. ஏலாமப் போயிட்டு."

"எங்க சாப்பிட்ட? நான் ஊட்டுலதானே நிண்ட."

"என்ட ஊட்டுல," என்றாள் நஸீறா. "நான்தான் குடுத்த மாமி." பிறகு, ஒன்றைச் சொன்னபின் மற்றதை அடக்க முடியாமல், தியேட்டருக்குள் நடந்ததையும் சொல்லிவிட்டாள். குழாய் போகாததை, கையை எடுக்கச் சொன்னதை, போத்தலில் விழுந்த சோற்றை. அப்ராவுக்கும் இது எல்லாம் புதுச் செய்தி. அவள் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மோதிரத்தின் இரண்டு பக்கமும் விரல் அடையாளம் கன்றிப்போயிருந்தது.

மாமி கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் கோபம் வரும் வரும் என்று இருவரும் பார்த்திருந்தார்கள். வந்தது வேறு.

"வாசல்ல நான்தானே சொன்ன. பச்சத் தண்ணி பல்லுல படல்லண்டு." அவர் எழும்பினார். "அந்த மருந்தையும் நான்தானே மறிச்ச. டொக்டர் எங்க இரிக்கார்?"

"மாமி, இருங்க, நோன்பைத் துறந்திட்டுப் போங்க," என்றாள் நஸீறா.

போய்விட்டார். நஸீறா பின்னாலே ஓடினாள். கேதீஸ்வரன் டொக்டர் வாசல் தூணருகில் பைசிக்கிளைப் பூட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். மாமி நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"மனே, நான் காணாதத கண்ட மாதிரிச் சொல்லிட்டன். என்ட வாயால என்ட மருமகளக் கொல்லப் பாத்த."

டொக்டர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். பார்க்கக் களைப்பாக இருந்தது.

"உம்மா, கேட்டது அவட்ட. பதில எடுத்தது உங்கட்ட. உள்ளுக்குப் போய் இன்னொரு தரம் கேட்க எனக்கு அரை நிமிஷம் காணும். கேட்கல்ல. இனி வாசல்ல வெச்சி ஒருத்தரிட்டயும் இதக் கேட்க மாட்டன்." பிறகு மாமியின் கையைப் பார்த்தார். "அந்தப் பழத்த முதல்ல வாயில வைங்க. பாங்கு சொல்லி எவ்வளவு நேரம்."

மாமி அப்போதும் சாப்பிடவில்லை. திரும்பி வந்து கட்டிலருகில் நின்று, கொஞ்ச நேரம் மருமகளையே பார்த்தார். அப்ரா போர்வை நுனியைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அடுத்த ஊட்டுக்குப் போய்த் தின்னுவாளாம்," என்றார் மாமி. "என்னட்டக் கேட்டா என்னகா?"

"ஏசுவீங்க."

"ஏசுவன். ஏசாம இருப்பனா? நேர்ச்சையெல்லோ." குரல் உடைந்தது, உடனே நிமிர்ந்தது. "ஏசுவன். ஏசிப்போட்டுச் சோறும் தருவன். அது உனக்குத் தெரியாதா?"

அப்ராவுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். மாமி நிஜமாகவே சோறு தந்திருப்பாரா? நானும் இதைப் பலதரம் புரட்டிப் பார்த்திருக்கிறேன், என் பிள்ளைகளே. அன்று பன்னிரண்டு மணிக்குக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, மாமிக்கே தெரியாது. ஆறரை மணிக்கு நின்றுகொண்டு, தந்திருப்பேன் என்றார். அதை அப்ரா நம்பினாள்.

"புள்ளைக்கு ஒண்டும் ஆகாதே மாமி? நேர்ச்சை முறிஞ்சிட்டு."

"நேர்ந்தது என்ட வாய். அது எனக்கும் அல்லாஹ்வுக்கும். உன்ட நோன்ப நான் நேர்ந்தது பிழை, லெப்பைட்டக் கேட்டு என்ன செய்யணுமோ செய்வன். நீ படு."

நஸீறா, முறித்த சத்தியத்துக்குப் பரிகாரமாகப் பெருநாள் முடிந்து மூன்று நோன்பு பிடிப்பதென்று மனதுக்குள் முடிவு பண்ணிக்கொண்டாள். சொல்லவில்லை. தானும் இன்னும் நோன்பு துறக்கத் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. மாமி ஈச்சம்பழத்தை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவளிடம் நீட்டினார். பெருவிரலும் சுட்டுவிரலும் விறைத்துப்போயிருந்ததால் அவள் அதை உள்ளங்கையில் ஏந்தி வாங்கினாள்.

அப்ரா அதைப் பார்க்கவில்லை. அவள் தலையைத் திருப்பி, பக்கத்தில் துணிக்குள் கிடந்த பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறியது. இறங்கியது. இன்னொரு தரம் பார்த்தாள்.